உங்களுக்குத் தெரியுமா? தோளில் துடுப்பு, கையில் மேழி

◆ கடலைவிட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை அளக்கப் பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். படகுத் துடுப்பு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் நடக்க வேண்டும். எதிரே வருகிறவன் அதைப் பார்த்து "என்ன, பொலி தூற்றும் பலகையைத் தூக்கிக்கொண்டு போகிறாயே?" என்கிற இடம் வந்தால் போதும். கடல் என்ற பேச்சே எட்டாத ஊருக்கு வந்தாயிற்று.

அந்த வழிப்போக்கன் வாயில் வரும் சொல் அதேரேலோய்கோஸ். ஹோமரின் இலியட், ஒடிசி இரண்டையும் சேர்த்துத் தேடினாலும் இது இரண்டே முறைதான் வருகிறது. இரண்டும் ஒடிசியில், இரண்டும் இதே கதையில்.

பாதாளத்தில் குருட்டு ஞானி டைரீசியஸ், கதாநாயகன் ஒடிசியஸிடம் சொல்கிறார்: ஊர் போய்ச் சேர்ந்து, உன் மனைவியைக் கேட்டு வீட்டை மொய்த்திருக்கும் மாப்பிள்ளைக் கூட்டத்தைத் தீர்த்துக்கட்டினாலும் உன் கணக்கு தீராது. துடுப்பை எடுத்துக்கொண்டு நட. சாப்பாட்டில் உப்புச் சேர்க்காத, கப்பலையே கண்டிராத ஜனங்களிடம் போ. ஒருவன் உன் துடுப்பைப் பார்த்து அதேரேலோய்கோஸ் என்பான். அங்கேயே அதைத் தரையில் ஊன்றி, கடல் தெய்வம் போசைடனுக்கு ஆட்டுக்கிடா ஒன்று, காளை ஒன்று, ஆண்பன்றி ஒன்று பலி கொடுத்துவிட்டுத் திரும்பு.

இரண்டாவது முறை இதைச் சொல்வது ஒடிசியஸே. இருபது வருஷம் கழித்து வீடு திரும்பி, மாப்பிள்ளைக் கூட்டத்தைத் தீர்த்துக்கட்டிய அன்றைக்கு ராத்திரி, மனைவி பெனலோப்பியிடம். வந்தவன் வாயிலிருந்து "இன்னும் ஒரு பயணம் பாக்கி இருக்கிறது" என்று கேட்க அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் முழுக்கச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறாள்.

◆ அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் ருசி. 'அதேர்' என்றால் கதிரின் நுனியில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கூர். களத்தில் அதுவும் பதரோடு பதராகப் பறக்கும். 'லோய்கோஸ்' என்றால் நாசம், அழிவு. ஆக, பதர்நாசினி.

'லோய்கோஸ்' சாதாரணச் சொல் இல்லை. இலியட்டின் தொடக்கத்தில் கிரேக்கப் படையை வாரிக்கொண்டு போகும் கொள்ளைநோய்க்கு அந்தப் பெயர். போர்க்கடவுள் ஏரீஸுக்கு ஒரு பட்டம் 'ப்ரோட்டோலோய்கோஸ்', மனிதரை அழிப்பவன். போர்க்கடவுளுக்குச் சூட்டிய அதே வால் ஒரு களத்துச் சாமானுக்கும் ஒட்டியிருக்கிறது. ஊருக்குள் நிஜமாகவே இப்படித்தான் சொன்னார்களா, கவிஞர் வேடிக்கைக்குக் கட்டிய விடுகதைப் பெயரா என்பது தனி வழக்கு. எனக்கென்னவோ விடுகதை வாசனைதான் அடிக்கிறது. கப்பலுக்குத் துடுப்புதான் இறக்கை என்று கடல்காரன் பெருமை பேசும் அதே இடத்தில், மலைக்காட்டுக்காரனும் தன் பங்குக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கிறான்.

பின்னால் வந்த சோஃபக்ளீஸுக்கும் இந்த விளையாட்டு பிடித்திருக்கிறது. அழிந்துபோன அவருடைய ஒரு நாடகத்திலிருந்து தப்பிப் பிழைத்த துண்டு ஒன்றில், தோளில் சுமக்கும் இதே சாமானுக்குப் 'பதர்தின்னி' என்கிற பொருளில் இன்னொரு பெயர் இருக்கிறது.

◆ இந்தக் கதையைப் பல காலம் நான் தப்பாகவே படித்து வந்தேன். இங்கிலீஷ் மொழிபெயர்ப்புகளில் 'வின்னோயிங் ஃபேன்' என்று இருக்கும். தூற்றுவது என்றால் நம் கண்முன் வருவது முறம்தானே? துடுப்பைப் பார்த்து முறம் என்று எவனாவது சொல்வானா? அந்த வழிப்போக்கனுக்குக் கண்ணில் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

கோளாறு மொழிபெயர்ப்பில். கிரேக்கர்களிடம் தூற்றும் சாமான் இரண்டு இருந்தன. ஒன்று ப்துயோன்: நீளக் காம்பு, நுனியில் அகலமான மரப்பலகை. தானியமும் பதருமாகக் கிடப்பதை அள்ளிக் காற்றில் வீசினால், பதர் தள்ளிப் போய் விழும், மணி நேரே கீழே இறங்கும். இன்னொன்று லிக்னோன்: ஒரு பக்கம் திறந்த பிரம்புக்கூடை, நம் முறத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அதேரேலோய்கோஸ் என்பது ப்துயோனைத்தான் என்று பழைய உரைகாரர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அதைத் துடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தால் யாருக்குமே குழப்பம் வரும்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேன் ஹாரிசன் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகவே 1903லும் 1904லும் இரண்டு தவணையாக நீண்ட கட்டுரை எழுதினார். முறத்துக்கும் பலகைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இரண்டு வருஷம். வீண் வேலை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

◆ தமிழிலும் 'துடுப்பு' இரட்டை வேஷக்காரன்தான். படகில் இருந்தால் தண்ணீர் தள்ளும். அடுப்பங்கரையில் இருந்தால் களி கிண்டும். கேழ்வரகுக் களி தின்னும் ஊர்ப்பக்கம் ஒடிசியஸ் நடந்திருந்தால் "யார் வீட்டு விசேஷம், எத்தனை பேருக்குக் களி?" என்றுதான் கேட்டிருப்பார்கள்.

◆ மத்தேயு, லூக்கா இரண்டு சுவிசேஷங்களிலும் யோவான் ஸ்நானகன், வரப்போகிறவர் கையில் தூற்றும் கருவியோடு வருவார் என்கிறார். கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது இதே ப்துயோன். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு அதைத் 'தூற்றுக்கூடை' ஆக்கியது. பிறகு வந்த திருவிவிலியம் 'சுளகு' என்கிறது. பலகை போய்க் கூடை வந்துவிட்டது. அங்கே அது குற்றமில்லை. பதர் பறக்க வேண்டும், அவ்வளவுதான் சேதி. ஒடிசியில் அதே சுளகைப் போட்டால் கதையே படுத்துவிடும்.

◆ இலியட்டில் ஒரு காட்சி. ட்ராய் இளவரசன் ஹெலனஸ் விட்ட அம்பு கிரேக்க அரசன் மெனலாவுஸின் மார்புக் கவசத்தில் பட்டுத் தெறித்துப் போகிறது. எப்படித் தெறித்தது? களத்தில் அகன்ற ப்துயோனிலிருந்து கறுப்பு மொச்சையும் கொண்டைக்கடலையும் துள்ளிப் போகிற மாதிரி என்கிறார் ஹோமர். சாவு நூலிழையில் தப்பிய நேரத்தில் அவருக்கு ஞாபகம் வந்தது கொண்டைக்கடலை. களத்துமேட்டில் நின்று பார்த்திருந்தால் ஒழிய இது வாயில் வராது.

◆ நிலாவைச் சுற்றி வட்டம் விழுந்தால் நாம் 'கோட்டை கட்டியிருக்கு' என்போம். கிரேக்கர்களுக்கு அது களம். வட்டமாகக் கல் பாவிய போரடிக்கும் களத்துக்கு அவர்கள் பெயர் ஹாலோஸ். நிலாவையும் சூரியனையும் சுற்றி விழும் ஒளிவட்டத்தை அரிஸ்டாட்டில் எழுதும்போதும் அதே சொல்தான். இங்கிலீஷில் சாமியார்கள் தலைக்குப் பின்னால் சுழலும் 'ஹேலோ' அங்கேயிருந்து வந்தது. மாடு சுற்றிச் சுற்றி மிதித்த வட்டம், கடைசியில் புனிதர்கள் தலைக்கு ஏறிவிட்டது.

◆ பிரம்புக்கூடை லிக்னோன் களத்தோடு நிற்கவில்லை. அதில்தான் குழந்தையைப் படுக்கவைப்பார்கள். பிறந்த அன்றைக்கே மாடு திருடப் போன கடவுள் ஹெர்மீஸ், திருடிவிட்டு ஒன்றும் தெரியாத பச்சைக்குழந்தையாக வந்து சுருண்டு படுத்தது லிக்னோனில். குழந்தை ஸீயஸுக்கோ தங்கத்தில் லிக்னோன். டெல்ஃபியில் டயோனிசஸுக்கு 'லிக்னைட்டீஸ்' என்றே ஒரு பெயர், கூடைக்காரச் சாமி. இன்றைய கிரேக்க மொழியில் 'லிக்னோ' என்றால் தொட்டில். தூற்றுகிற அர்த்தம் அதில் மிச்சமில்லை.

பிறந்த பிள்ளையை முறத்தில் கிடத்திப் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு இது அதிசயமாகப் படாது. யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று கேட்டுக் கிளம்பிவிடாதீர்கள். தானியம் புடைக்கிற ஜனங்கள் எங்கே இருந்தாலும், கைக்கு எட்டும் சுத்தமான, மெத்தென்ற, விளிம்பு கட்டிய சாமான் அது ஒன்றுதான்.

◆ சாக்ரடீஸுக்குப் பொலி தூற்றத் தெரியுமா? ஸெனஃபோன் எழுதிய ஒரு நூலில் இஸ்கோமகஸ் என்ற பண்ணைக்காரர் அவரைக் கேள்விமேல் கேள்வி கேட்கிறார். காற்று எந்தப் பக்கம், நீ எந்தப் பக்கம் நிற்பாய், பதர் எங்கே விழும்? சாக்ரடீஸ் ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிடுகிறார். பாதி தூற்றியதும் சுத்தமான தானியத்தைக் களத்து நடுக்கம்பத்தை ஒட்டி ஒடுக்கி வைத்துவிட்டு மீதியைத் தூற்றினால், பதர் அதைத் தாண்டிப்போய் விழும், இரண்டு தரம் தூற்ற வேண்டாம் என்கிற நுணுக்கம் உட்பட. கடைசியில் அவருக்கே வியப்பு: எனக்கு இது தெரியும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்ததே! அப்படியானால் பொன் உருக்கவும், குழல் ஊதவும், படம் எழுதவும்கூடத் தெரிந்திருக்குமோ?

◆ கிரேக்கக் கலப்பையின் கைப்பிடிக்கு, அதாவது மேழிக்கு, எகெத்லே என்று பெயர். அந்த மேழியின் பெயரால் ஒரு வீரன் உண்டு.

கி.மு. 490, மாரத்தான் போர். பாரசீகப் படைக்கும் ஏதென்ஸ்காரர்களுக்கும் கைகலப்பு நடக்கும்போது, பட்டிக்காட்டுக் கோலத்தில் ஒரு ஆள் நடுவில் வந்து சேர்ந்தான். கையில் வாளும் இல்லை, ஈட்டியும் இல்லை, கலப்பை. அதை வைத்தே பாரசீகர்கள் பலரை அடித்துப் போட்டான். போர் முடிந்தது, ஆளைக் காணோம். யாரென்று டெல்ஃபியில் குறி கேட்கப் போனார்கள். அங்கே பெயர், ஊர் எதுவும் சொல்லவில்லை. "எகெத்லாயோஸுக்கு மரியாதை செய்யுங்கள்" என்பதோடு சரி. மேழியான்! சுமார் 650 வருஷம் கழித்து அந்தப் பக்கம் சுற்றிய பவுசானியஸ் என்ற பயணி, உள்ளூர்க்காரர்கள் சொன்னதாக இதை எழுதிவைத்திருக்கிறார். ஏதென்ஸ் கடைவீதியின் சித்திர மண்டபத்தில், மாரத்தான் போர் ஓவியத்திலும் அவன் இருந்தான் என்கிறார். தளபதி மில்டியாடீஸ் இருந்த அதே சுவரில்.

மேழிச் செல்வம் கோழைபடாது என்று நம் பாட்டிமார் சொல்வது வேறு அர்த்தத்தில். ஆனாலும் இந்த ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

◆ வீட்டில் கலப்பை இரண்டு வைத்திரு. ஒன்று ஒடிந்தால் மற்றதைப் பூட்டலாம். ஏறக்குறைய 2,700 வருஷத்துக்கு முன் கிரேக்கக் கவிஞர் ஹெசியட் தன் சகோதரனுக்குச் சொன்ன புத்தி. ஒன்று ஒரே மரத்தில் வளைவாக வாய்த்தது, இன்னொன்று துண்டு துண்டாகப் பூட்டியது. ஏர்க்காலுக்கு 'லாரல்' அல்லது எல்ம் மரம், கொழு தாங்கும் கட்டைக்கு ஓக். வளைந்த கட்டை மலையிலோ வயலிலோ கண்ணில் பட்டால் உடனே வீட்டுக்கு எடுத்துவா என்கிறார்.

உழ வருகிறவனுக்கு வயது நாற்பது இருக்க வேண்டுமாம். சின்னப் பையன் என்றால் சேக்காளிகள் எங்கே நிற்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பான், சால் கோணிவிடும்.

◆ சால் ஓட்டிப் போன மாடு வரப்பில் திரும்பி அடுத்த சாலில் வருகிற மாதிரி, ஒரு வரியை இடமிருந்து வலமாகவும் அடுத்ததை வலமிருந்து இடமாகவும் கிரேக்கர்கள் ஒரு காலத்தில் எழுதினார்கள். அந்த முறைக்குப் பெயர் 'பூஸ்ட்ரோஃபெடோன்', மாடுதிரும்பி. கிரீட் தீவில் கார்ட்டின் என்ற ஊரின் கல்வெட்டுச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. வாசிக்கிறவன் கண்ணும் ஏர் ஓட்ட வேண்டும்.

◆ கொழுவுக்குக் கிரேக்கப் பெயர் ஹூனிஸ். பன்றிக்குப் பெயர் ஹூஸ். மூக்கால் மண்ணைக் கீறி உழவைக் கற்றுக்கொடுத்ததே பன்றிதான், அதனால்தான் அந்தப் பெயர் என்று ஒரு பேச்சு இருந்ததாகப் ப்ளூட்டார்க் எழுதுகிறார். சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஏற்பார்களோ இல்லையோ, கிழங்குத் தோட்டத்தில் பன்றி புகுந்த காலையைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

◆ த்ரெபானோன் என்றால் அரிவாள். சிசிலியில் கடலுக்குள் வளைந்து நீளும் நிலமுனையில் இருந்த ஊருக்கு அந்தப் பெயர் வந்தது. இன்றைக்கு அது ட்ரபானி. அதே தீவின் மெஸ்ஸினாவுக்குப் பழைய பெயர் ஸாங்க்ளே, அதுவும் அரிவாள்தான். உள்ளூர் சிசெல் மக்கள் பாஷையில் அரிவாளுக்கு 'ஸாங்க்லோன்' என்று துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். புராணத்தில் க்ரோனஸ் என்ற தெய்வம் தன் தகப்பன் வானத்தை வெட்டிய அரிவாள் எங்கள் ஊரில்தான் இருக்கிறது என்று பெருமை பேசிய ஊர்கள் ஒன்றுக்கு மேல். ரத்தச் சிவப்பணுக்கள் பிறை மாதிரி வளைந்துபோகும் சோகை நோயைப் பிரெஞ்சு மருத்துவர்கள் இன்றும் இந்த த்ரெபானோன் பெயரால்தான் குறிக்கிறார்கள்.

◆ ஒலிம்பியா பந்தயத்துக்குப் போன ஒருவன் மூட்டையில் என்ன இருந்தது? தியோக்ரிட்டஸ் கவிதையில் வரும் மாடு மேய்க்கும் ஐகோன், மண்வெட்டி ஒன்றும் ஆடு இருபதும் கொண்டுபோகிறான். ஆடு தின்ன. மண்வெட்டி எதற்கு? வீரர்கள் தரையைக் கொத்திக் கொத்தித்தான் உடம்பைத் தேற்றினார்கள். அந்தக் கருவிக்குப் பெயர் ஸ்கபானே.

◆ ஒரு அலகுள்ள கொத்து மகெல்லா. இரண்டு பல் இருந்தால் திகெல்லா. ட்ராய் நகரத்தையே ஸீயஸின் மகெல்லாவால் கொத்திப் போட்டதாக எஸ்கிலஸ் நாடகத்தில் தூதன் வந்து சொல்கிறான். திகெல்லாவுக்குக் கிடைத்தது வேறு யோகம். கி.பி. 67ல் கொரிந்து நிலத்தைக் குறுக்கே வெட்டிக் கால்வாய் போட ரோமச் சக்கரவர்த்தி நீரோ வந்தபோது, முதல் கொத்துக்குக் கையில் கொடுத்தது தங்கத் திகெல்லா. அடுத்த வருஷம் ஆள் போனார், வேலையும் நின்றது. கால்வாய் முடிந்தது 1893ல். அடிக்கல் நாட்டு விழாவில் சாமான் எவ்வளவு பளபளக்கிறதோ அவ்வளவு தாமதம் என்று ஒரு கணக்கு இருக்கும் போல.

◆ துடுப்புக் கதைக்கு வருவோம். கிரீஸில் பல குன்றுகளின் உச்சியில் எலியா தீர்க்கதரிசிக்குக் குட்டிக் கோயில் இருக்கும். ஏன் உச்சியில் என்று கேட்டால் ஊர்க்கதை ஒன்று சொல்வார்கள். எலியா ஒரு மாலுமி. கடலில் பட்டது போதும் என்று துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு மலையேறினார். வழியில் பார்க்கிறவர்களை எல்லாம் "இது என்ன?" என்று கேட்டார். "துடுப்பு" என்றவர்களை விட்டு மேலே மேலே போனார். ஒரு ஊரில் "கம்பு" என்றார்கள். அங்கேயே தங்கிவிட்டார்.

கதை அதேதான். ஆனால் பொலி தூற்றும் பலகை போய், வெறும் கம்பு வந்துவிட்டது. எந்தச் சாமானோடு எது ஒத்துப்போகும் என்கிற அந்த வேடிக்கை, சொல்லிச் சொல்லி வந்ததில் எங்கோ உதிர்ந்திருக்கிறது.

◆ ப்துயோன் என்ற சொல் மட்டும் சாகவில்லை. அதன் செல்லப்பெயர் 'ப்துயாரியோன்' தேய்ந்து இன்றைய கிரேக்கத்தில் 'ஃப்தியாரி' ஆகியிருக்கிறது. அள்ளும் மண்வாரி எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். இன்னும் குட்டியாக இருந்தால் 'ஃப்தியாராக்கி'. கோடை லீவில் கிரேக்கத் தீவுக் கடைகளில் வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, சிவப்புப் பிளாஸ்டிக் வாளியும் கூடவே ஒரு குட்டிக் கரண்டியும், அந்தக் கரண்டி. அதை வைத்துப் பிள்ளைகள் கடற்கரை மணலில் வீடு கட்டுகிறார்கள்.